நகையை விற்றாரா பென்னிகுவிக்?

தேனி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். முல்லைப் பெரியாறு அணை பாதி எழும்பி நிற்கும்போது வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளைக்கார அரசாங்கம் இனி ஒரு சல்லிக்காசு கிடையாது என்று கையை விரித்துவிட்டது. அணையைக் கட்டிய எஞ்சினியர் கர்னல் பென்னிகுவிக் சீமைக்குப் போனார். வீட்டை விற்றார், நிலத்தை விற்றார், பெண்டாட்டி போட்டிருந்த நகைகளையும் விற்றார். அந்தப் பணத்தோடு திரும்பி வந்து அணையைக் கட்டி முடித்தார்.

சொல்கிறவரைப் பொறுத்து நகை முன்னால் வரும், வீடு பின்னால் போகும். அரசியல் மேடைகளில் சொல்லப்பட்டிருக்கிறது, பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், ஜனவரி வந்தால் வாட்ஸ்அப்பில் படத்தோடு சுற்றுகிறது. இதை ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு சாட்சியங்களைப் பார்ப்போம் என்பதுதான் இங்கே நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதை நிற்காது. ஆனால் ‘கட்டுக்கதை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கதைக்குப் பின்னால் நிஜமான ஒரு ராணுவ எஞ்சினியர் மறைந்து கிடக்கிறார். கதையில் வருகிறவரைவிட அவரிடம் பார்க்க நிறைய இருக்கிறது.

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அப்பாவின் பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் 24ஆம் காலாட்படையில் லெப்டினன்ட் கர்னல். இரண்டாம் சீக்கியப் போரில், 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபின் சில்லியன்வாலா களத்தில் ஒரு பிரிகேடை நடத்திப் போனவர் அங்கேயே விழுந்தார். அதே படையில் இருந்தான் மகன் அலெக்சாண்டர். பதினேழு வயது. அப்பாவின் உடலை விட்டு நகராமல் நின்று அவனும் செத்தான். சின்ன ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. பொங்கலன்று அவருடைய பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற நம்மில் பலருக்கும், அந்த வீட்டில் அதே வாரத்தில் இரண்டு திதிகள் இருந்தன என்பது தெரியாது.

ராணுவ வீட்டுப் பிள்ளை ராணுவத்துக்கே போனார். அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவக் கல்லூரியில் படித்து, 1858-இல் சென்னை எஞ்சினியர்ஸ் படையில் லெப்டினன்ட் ஆனார். 1860-இல் இந்தியா வந்தார். 1867–68-இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றிப் பதக்கம் பெற்றார். பிறகு பொதுப்பணித் துறை. அந்தக் காலத்தில் ராணுவ எஞ்சினியர் என்றால் கோட்டையும் பாலமும் மட்டும் இல்லை. ஆறு, கால்வாய், ஏரி, சாலை எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தன. காவிரியிலும் கோதாவரியிலும் வேலை செய்த ஆர்தர் காட்டனும் இதே சென்னை எஞ்சினியர்ஸ்தான்.

பெரியாற்றைத் திருப்பும் யோசனை பென்னிகுவிக்குடையது இல்லை. இதைச் சொன்னால் எங்கள் பக்கம் சிலருக்கு முகம் சுண்டும். 1789-இலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்து இருளப்ப பிள்ளை, மலைக்கு ஆட்களை அனுப்பி இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பி வைகையில் விட்டால் மதுரையும் ராமநாதபுரமும் பிழைக்கும் என்பது அவருடைய கணக்கு. பணமில்லாமல் நின்றது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் மலை ஏறிப் பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று எழுதிவைத்தார். 1850-இல் கேப்டன் ஃபேபர் சிறியதாக ஓர் அணையைத் தொடங்க, காய்ச்சலும் கூலித் தகராறுமாக அதுவும் நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் பெரிய மண் அணை ஒன்றுக்குத் திட்டம் போட்டார்.

அதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனம் செத்தது. பெரியாற்றுக் கோப்பைத் தூசி தட்டி எடுக்கவைத்தது அந்தப் பஞ்சம்தான். 1882-இல் எல்லாப் பழைய திட்டங்களையும் திருத்திப் புதிய மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு மேஜர் பென்னிகுவிக்கிடம் வந்தது. மண் அணையை அவர் ஒதுக்கினார். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணை என்று முடிவு செய்தார்.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 ஆண்டு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது.

இந்த வேலையின் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளாமல் நகைக் கதையை எடை போட முடியாது. அணை இருக்கும் இடம் நடுக்காடு. ரயில் அப்போது அம்மையநாயக்கனூர் வரைதான், இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டுவண்டியில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கடந்து கூடலூர் அடிவாரம் வரவேண்டும். அங்கிருந்து மலைமேல் சாமான் ஏற்றக் கம்பிவழிப் பாதை போட்டார்கள். மேலே போனதும் ஆற்று வழியாகப் படகு. சுண்ணாம்புக் கல் அடிவாரத்துக் குருவனூத்துப் பக்கமிருந்து போனது. சுட்ட மண்ணைப் பொடித்துச் சுண்ணாம்போடு கலந்து அரைத்த சுர்க்கிக் காரையால் அணையின் நடுவயிறு நிரப்பப்பட்டது. முன்னும் பின்னும் கல் கட்டுமானம்.

மழைக்காலத்தில் ஆறு பெருகும், வேலை நிற்கும். கோடையில் மலேரியா, வேலை நிற்கும். காலரா தனி. இடையில் கிடைக்கிற மாதங்களில் ஆற்றைத் தற்காலிகத் தடுப்புகளால் ஒதுக்கிவிட்டு அடித்தளம் போடவேண்டும். போட்டதை அடுத்த வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும். தொடக்க ஆண்டுகளில் இது திரும்பத் திரும்ப நடந்தது. சென்னைப் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாலியன் சிப்பாய்கள் இறக்கப்பட்டார்கள். மர வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள். கீழ்நாட்டுக் கூலிகள் ஆயிரக்கணக்கில். அணையில் வேலை செய்த எஞ்சினியர் ஏ. டி. மெக்கன்சி 1899-இல் எழுதிய பெரியாற்றுத் திட்ட வரலாற்றில், வேலை முடிந்ததற்குச் சாராயத்துக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார். நகைச்சுவையாகச் சொன்னாரோ என்னவோ, அந்தக் குளிரிலும் காய்ச்சலிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஆட்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

அணை ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி. தண்ணீரைக் கிழக்கே கொண்டுவர மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். மொத்தச் செலவு எண்பது லட்சம் ரூபாய்க்கு மேல்.

இப்போது வழக்குக்கு வரலாம்.

முதலில் பணம். 1890களின் எண்பது லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்தால் போதும். ஒரு கர்னலின் சொத்து அதில் எந்த மூலைக்கு? தந்தை போர்க்களத்தில் செத்த, சம்பளத்தில் வாழ்ந்த ராணுவக் குடும்பம் அது, ஜமீன் இல்லை. மனைவியின் நகை முழுவதையும் விற்றாலும் ஆயிரக்கணக்கான கூலிகளுக்குச் சில நாள் படி அளக்க முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நடைமுறை. அது அரசாங்க வேலை. மதிப்பீடு, அனுமதி, ஆண்டு ஒதுக்கீடு, கணக்குத் தணிக்கை என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் தாள் இருந்தது. ஒரு எஞ்சினியர் தன் சொந்தக் காசைக் கொண்டுவந்து அரசாங்க அணையில் போட்டால் அதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவார்கள்? காலனி அரசாங்கத்தின் மேல் ஆயிரம் குற்றம் சொல்லலாம். கணக்கு எழுதாமல் விட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. மெக்கன்சியின் நூல் கூலி முதல் காய்ச்சல் வரை எல்லாம் பேசுகிறது. சொத்து விற்ற செய்தி அதில் இல்லை. பென்னிகுவிக்கே லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையிலும் இல்லை.

மூன்றாவது சாட்சியம் அணையின் வடிவத்திலேயே இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பெரியாறு அணையில் 104 அடிக்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் சுரங்கம் வழியாகக் கிழக்கே வரும். அதற்குக் கீழே எவ்வளவு நின்றாலும் நமக்கு ஒரு சொட்டு கிடையாது. அதாவது, அணையை நூறு அடி கட்டிவிட்டு நிறுத்தினால் அரசாங்கத்துக்குப் போட்ட பணம் அத்தனையும் நஷ்டம். நிலவரியாகத் திரும்ப ஒரு பைசா வராது. வெள்ளைக்கார அரசாங்கம் இந்த அணையைத் தர்மத்துக்குக் கட்டவில்லை. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஏக்கர் பாசனத்தால் வரும் தீர்வையைக் கணக்குப் பார்த்துத்தான் கட்டியது. பாதியில் கைவிடுவது அந்த லாபக் கணக்குக்கே பொருந்தாது.

அப்படியானால் கதை எங்கிருந்து முளைத்தது? வெள்ளம் அடித்துக்கொண்டு போனது உண்மை. செய்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்ந்ததும், அதற்கெல்லாம் மேலிடத்துக்கு எழுதி விளக்கம் சொல்லி அனுமதி வாங்கவேண்டியிருந்ததும் உண்மை. அந்த எழுத்துச் சண்டை கீழே கூலிக்காரனுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டுதான்: வெள்ளத்தில் போன அணை, மறுபடி வந்து நின்ற துரை. நடுவில் விட்டுப்போன இடத்தை ஊர் தனக்குத் தெரிந்த வழியில் நிரப்பிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அந்த வழி எது என்பதுதான் எனக்கு முக்கியம். நம் ஊரில் ஒரு மனிதன் ஒரு காரியத்தில் எவ்வளவு உயிராக இருந்தான் என்பதற்கு அளவுகோல் என்ன? பெண்டாட்டி கழுத்தில் காதில் கிடந்ததை அடகு வைத்தானா, இல்லையா? பிள்ளை படிப்புக்கு, கிணறு வெட்ட, கேஸ் நடத்த, எல்லாவற்றுக்கும் கடைசியில் வீட்டுப் பெண்ணின் நகைதான் போகும். அணைக்காக நகையை விற்றார் என்று சொன்ன அன்றைக்கு, சீமைத் துரை கம்பம் பள்ளத்தாக்குச் சம்சாரி ஆகிவிட்டார். அந்த அம்மாவும் கதைக்குள் வந்துவிட்டார், பெயர் தெரியாமலேயே. அரசாங்கத்துக்கு யாரும் பொங்கல் வைக்க முடியாது. குடும்பஸ்தனுக்கு வைக்கலாம்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே போல ஒரு கதை உண்டு. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள், தன் இதயத்தின் ரத்தத்தைக் கொண்டு எழுதுவதாகச் சொன்னார் என்பார்கள். கேரளத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. விசாகம் திருநாள் இறந்தது 1885 ஆகஸ்டில். ஒப்பந்தம் 1886 அக்டோபரில், மூலம் திருநாள் காலத்தில். பேரம் நடந்த ஆண்டுகளில் விசாகம் திருநாள் சம்மதிக்காமல் இழுத்தடித்ததை அந்தக் கதை இப்படி ஒரு வாக்கியமாக்கி வைத்திருக்கலாம். எப்படியானாலும், ஒரு பக்கம் துரை நகையை விற்கிறார், மறுபக்கம் மகாராஜா ரத்தத்தால் எழுதுகிறார். தண்ணீர் வந்தவர்கள் தியாகத்தை வைத்துக்கொண்டார்கள், நிலம் கொடுத்தவர்கள் காயத்தை வைத்துக்கொண்டார்கள். அணையின் நீர்மட்டம் பற்றி 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கில் இரண்டு பக்கத்து மனசிலும் இந்த இரண்டு கதைகளும் உட்கார்ந்திருந்தன.

நிஜமான மனைவியின் பெயர் கிரேஸ் ஜார்ஜினா. சென்னை ராணுவ அதிகாரி சாமியரின் மகள். சென்னையில் சாமியர்ஸ் சாலை என்று இன்றும் வழங்குகிற அதே குடும்பப் பெயர். 1879-இல் திருமணம். மகள்களும் மகனுமாகப் பெரிய குடும்பம். திருமண ஆண்டையும் அணையின் ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கதையில் இல்லாத ஒன்று தெரியும்: கல்யாணமாகி மூன்று வருஷத்தில் பெரியாறு அவரைப் பிடித்துக்கொண்டது, குழந்தைகள் கைக்குழந்தைகளாக, தவழ்கிறவர்களாக இருந்த காலம் முழுக்க அப்பாவின் மனசு மலேரியாக் காட்டில். மகன் ஜேம்ஸ் பிறந்த 1890-இல் அணை வேலை நட்டநடுவில் இருந்தது. அந்தக் குடும்பம் பெரியாற்றுக்குக் கொடுத்தது பணம் இல்லை. ஆண்டுகளைக் கொடுத்தது. ஆனால் நகைக்குக் கிடைக்கிற மரியாதை ஆண்டுகளுக்குக் கிடைப்பதில்லை.

அணை திறந்த 1895-இலேயே சி.எஸ்.ஐ. என்ற பிரிட்டிஷ் அரசின் கௌரவப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு இந்தியாவை விட்டுப் போனார். ஓய்வு என்று பேர், சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் எகாம் அருகே கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இந்தியன் எஞ்சினியரிங் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவர். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிக்கவென்றே நடந்த கல்லூரி அது. பெரியாற்றைத் திருப்பியதைப் பற்றிய கட்டுரைக்கு லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தின் டெல்ஃபோர்டு பதக்கம் வாங்கியதும் இந்தக் காலத்தில்தான். மலைக்காட்டையும் காலராவையும் பார்த்தவர், கோட்டும் டையுமாக வந்த இருபது வயதுப் பையன்களுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

1899-இல் ஆஸ்திரேலியா போனார். பிரிஸ்பேன் நகரத்தை 1893-இல் பெருவெள்ளம் மூழ்கடித்திருந்தது. அந்த ஆற்று வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லக் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் கூப்பிட்ட ஆள் இவர். வறட்சிக்குத் தண்ணீர் திருப்பியவரிடமே வெள்ளத்துக்கும் யோசனை கேட்டார்கள். பிறகு கேம்பர்லி. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியை ஒட்டிய, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் வந்து குடியேறுகிற ஊர். அங்கே 1911 மார்ச் 9 அன்று, எழுபதாவது வயதில் இறந்தார். பக்கத்து ஃப்ரிம்லியில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் அடக்கம்.

மகன் ஜேம்ஸும் ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரி ஆனார். முதல் உலகப் போர் மூண்ட 1914-இல் பிரான்சில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைக்காக ஆற்றுப் பாலங்களைத் தகர்க்கும் வேலை அவருடையது; அதற்காக டி.எஸ்.ஓ. என்ற ராணுவ விருது. மூன்று தலைமுறையில் தாத்தா களத்தில் செத்தார், அப்பா ஆற்றை மறித்தார், பேரன் ஆற்றைக் கடக்கவிடாமல் செய்தார்.

இங்கே நினைவு வேறு பாதையில் வளர்ந்தது. பாலார்பட்டியில் ஊரே கூடி அவர் பேரில் பொங்கல் வைக்கிறது. பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறார்கள். டீக்கடை, உரக்கடை, கல்யாண மண்டபம் எங்கும் அந்த மீசைப் படம். தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரில். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். 2022-இல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியிலேயே சிலை வைத்தது. ஒரு தமிழ்நாட்டு அரசு, ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கர்னலுக்கு அவர் கடைசியாக வாழ்ந்த ஊரில் போய்ச் சிலை வைப்பது சாதாரண சங்கதி இல்லை. இந்த நன்றி முழுக்க நிஜம். நகைக் கதை பொய் என்பதால் அதில் ஒரு துளி குறையாது.

ஆனால் கதை கூடக் கூட, ஆதாரம் பார்க்கும் பழக்கம் குறைகிறது. மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு 2021-இல் இடம் தேர்ந்தெடுத்தபோது, அங்கிருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று சர்ச்சை கிளம்பியது. கட்டடம் எழுந்ததே 1912–13-இல் என்று அரசு பதில் சொன்னது. அவர் இறந்தது 1911. இன்னொன்று, அவர் சொன்னதாகச் சுவரொட்டிகளில் வரும் ஒரு வாசகம்: இந்த உலகில் நான் ஒரே ஒரு முறைதான் பிறந்து வருவேன், நல்லது செய்வதை இப்போதே செய்யவேண்டும் என்கிற பொருளில். ஆங்கிலத்தில் வெகுகாலமாக யார் யார் பெயரிலோ உலவிய பொன்மொழி அது. அதையும் அவர் வாயில் போட்டுவிட்டோம். செய்த மனிதருக்கு ஒரு வாசகமும் தேவை என்று நமக்குத் தோன்றுகிறது போல.

கதையின் பெரிய இழப்பு இது எதுவும் இல்லை. தியாகம் முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றியதால் மற்றவர்கள் காணாமல் போனார்கள். அணைக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வேலைக் காலத்தில் காய்ச்சலிலும் காலராவிலும் விபத்திலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். உண்மையில் விற்பதற்கு எதுவும் இல்லாமல், உயிரை மட்டும் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பயனியர் சிப்பாய்கள், கீழ்நாட்டுக் கூலிகள், கொச்சித் தச்சர்கள். மணிமண்டபத்தில் அவர்களுக்குத் தனிச் சிலை இல்லை, பொங்கலன்று தனிப் பானையும் இல்லை. ராணுவம் தன் ஆட்களின் சாவைப் பதிந்து வைக்கும் வழக்கமுள்ளது; பயனியர் பட்டாலியன்களின் பதிவுகளில் ஊர்ப்பெயரோடு சிலராவது கிடைப்பார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறைக் கட்டுகளைப் பிரிக்கப் போகிற ஆராய்ச்சி மாணவர்கள், நகை விற்ற சீட்டைத் தேடும் நேரத்தில் அந்தப் பெயர்களைத் தேடலாம்.